கிழங்குப் பத்தியம்

தீபாவளிக்கு மறுநாள் மகள் உப்பில்லாமல் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தாள்.

“நேத்து ஆட்டுக்கறிய ஒரு பிடி பிடிச்சீங்கப்பா. இன்னிக்கு அரைப்பட்டினிதான் மருந்து. வயிறு பழைய நிலைக்கு வரட்டும்.”

அந்த மண்வாசனை ஆவி முகத்தில் பட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், எங்கள் ஊரான காஜா பெராங்கில் எங்களுக்கு மூன்று வேளையும் இதே கிழங்குதான். சிப்பாய்கள் வீடு வீடாகக் கோழி பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அப்பா, முட்டையிடும் நான்கு கோழிகளையும் ஒரே காலையில் அறுத்துவிட்டார். அவனுக்குப் போவதை நாமே தின்போம் என்று வீம்பு. தின்று தின்று எல்லாரும் வாந்தியெடுத்தோம். மறுநாள் கிழங்கைக் கண்டு நான் முகம் சுளித்தேன்.

“லங்கணம் பரம ஔஷதம்டா. பட்டினிதான் பெரிய மருந்து” என்றார் அப்பா.

அம்மா கரண்டியை வீசினாள். “முட்டைக் கோழியெல்லாம் தின்னு தீர்த்துட்டு, வைத்தியம் வேறயா?”

அதற்கடுத்த நாள் சிப்பாய்கள் வந்தார்கள். கோழிக்கூண்டு காலியாக இருக்கவே, கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் எங்களுக்கு வெறும் தண்ணீர்தான். அப்பா அந்தப் பழமொழியை அப்புறம் சொல்லவே இல்லை.

“பட்டினிய மருந்துன்னு என்கிட்ட சொல்லாதம்மா!” என்று மகளிடம் சீறினேன். சீறிவிட்டு, ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றேன்.