காப்புக் கட்டிய வருடம் ஆடாமல் போன இறுதி ஆட்டம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். படிப்புக் குறைவு என்பது ஒரு காரணம். வாய் திறக்க மாட்டேன் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தது பெரிய காரணம்.

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எங்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. இப்போது இல்லை. மேலே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து நாங்கள் ஏழு பேர், கீழே கடைவீதியிலிருந்து முஸ்லிம்கள் நான்கு பேர். கப்டன் அந்த நால்வரில் ஒருவர், இரும்புக்கடைக்காரர், கோல் காப்பவர். எங்களுக்கு மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்போம். ஆட்டத்துக்குப் போகுமுன் பந்தை மாரியம்மன் கோயில் வாசலில் வைத்துக் கும்பிடுவோம். அவர் வெளியே நின்று, "கும்பிட்டது போதும், பஸ் போயிரும்" என்பார்.

ஒரு வருடம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். கண்டியில் ஆட்டம். மழை பிடித்து மைதானம் குளமாகி, திகதி சொல்லாமல் தள்ளிப்போட்டார்கள். எப்படியும் அம்மன் திருவிழா முடிந்துதான் வைப்பார்கள் என்று நாங்களாகவே எண்ணி, ஏழு பேரும் காப்புக் கட்டிக்கொண்டோம். அந்த மஞ்சள் கயிறு கையில் ஏறினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டிய மறுநாளே தகவல் வந்தது, வருகிற ஞாயிறு ஆட்டம் என்று.

கப்டனின் கடைக்கு முன்னால் கூடினோம். எங்களில் ஒருவன் கயிற்றை அறுக்கப் பல்லை வைத்தான். கப்டன் அவன் கையைப் பிடித்தார்.

"நேர்த்தி வெச்சது மேட்சுக்கா, ஒங்கம்மாட சொகத்துக்கா?"

"அம்மாவுக்குத்தான் நானா."

"அப்ப பேசாம இரி."

மடவளையிலிருந்து ஆள் சேர்க்கலாம் என்றார் பக்கத்துக் கடைக்காரர். "இதுவரைக்கும் ஓடினது இவனுகள்ட கால். ஜெயிச்சாக் கெடைக்கிற கப்ப மட்டும் வேற காலுக்குக் குடுக்கவா?" என்றார் கப்டன்.

எங்களால் வர இயலாது என்று மட்டும் ஆட்டம் நடத்தியவர்களுக்கு அறிவித்தார்.

"கோயில் காரியம்னு சொல்லிருங்க நானா" என்றேன்.

"சொன்னா நாளைக்கு ஒங்கட கோயிலப் பேசுவானுகள். என்னயே பேசட்டும். நீயும் வாயத் தொறக்காத."

பேசினார்கள். பயந்து ஒளிந்த கழகம் என்றார்கள். அடுத்த வருடம் எங்களைச் சேர்க்கவில்லை. ஆட்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கோல் வலை என் வீட்டுப் போஞ்சிக் கொடிக்குப் பந்தலாயிற்று. கழகம் அவ்வளவோடு முடிந்தது.

போன மாதம் தேநீர்க் கடையில் கப்டனின் மகனைப் பார்த்து ஒருவர், "ஒன்ட வாப்பா கண்டிக்குப் போகப் பயந்த கோல்கீப்பர்தானே" என்றார். மகனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். அம்மன் சாட்சியாக, நானும் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தேன்.

நேரே கப்டனிடம் போய் விஷயத்தைச் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன்.

"மகனுக்காக எழுது. ஆனா என்னய அவுலியா ஆக்கிராத. அண்டைக்கு எனக்கு முழங்கால் நோவும் இருந்திச்சி. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். வாசிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவரை அவுலியாவாக, மகானாக ஆக்க வேண்டாம், கோழையாகவும் ஆக்க வேண்டாம். அந்த முழங்கால் நோவையும் விடாமல், இருந்தது இருந்தபடியே சொல்லுங்கள்.