என்ன தெரியுது, சொல்லு

இடது கண்ணில் பார்வை போய்விட்டது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. வலது கண் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வாசலில் கட்டியிருந்த ஆட்டின் கயிறு தடுக்கி மறுபடியும் மறுபடியும் விழுந்தபோதுதான் என் வீட்டுக்காரர் தருமபுரிக்கு அழைத்துப் போனார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. வலது கண்ணிலும் ஓரங்கள் போய், நடுவில் மட்டும்தான் மிச்சமாம்.

"போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து."

நான் அழவில்லை. என் வீட்டுக்காரரும் அழவில்லை. மொரப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, "அந்தக் கடை போர்டப் படி" என்றார். படித்தேன். நேரே இருப்பதுதான் தெரியுமே. "அடுத்தது?" அதையும் படித்தேன்.

"பாத்தியா? அந்தம்மாளுக்கு என்ன தெரியும்? கண்ணப் பழக்குனா தானா வந்துரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வாசலில் என்னை நிறுத்தி, பக்கவாட்டில் நின்றுகொண்டு விரலைக் காட்டுவார். "தலையத் திருப்பாமச் சொல்லு, எத்தன?" தக்காளி பறிக்கும்போது ரயில் போனால், "கூட்ஸா, பாசஞ்சரா?" சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் எதையாவது வைத்து, "என்ன தெரியுது, சொல்லு." தெரியவில்லை என்றால் சோற்றை அப்படியே விட்டு எழுந்து போய்விடுவார். கோபம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு அவர் அழுவது கேட்டது.

அதற்குப் பிறகு தெரியவில்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ரயிலைச் சத்தத்தில் சொல்லிவிடலாம். விரல் என்றால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் காட்டுவார். தட்டோரம் வைப்பதை வாசனையில் பிடித்தேன். நான் சரியாகச் சொன்ன அன்றெல்லாம் இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அம்மாளுக்குத் தேறிருச்சு" என்றார். அவர் குரலில் தெம்பு இருந்தது. எனக்குப் பார்வை குறுகிக்கொண்டே வந்தது.

நல்லம்பள்ளியிலிருந்து கொழுந்தனார் பார்க்க வந்தார். அவருக்குக் காட்ட வேண்டும் என்று இவருக்கு ஆசை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் போய் நின்றார்.

"என் கையில என்ன இருக்குது?"

எந்த வாசனையும் வரவில்லை. அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். "தக்காளிங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. வெறும் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றார்.

"அண்ணா, வுடு" என்றார் கொழுந்தனார்.

"அப்ப இத்தன நாளா சொன்னதெல்லாம்?"

"நீங்க சாப்பிடாம எந்திரிச்சுப் போனா நான் என்னங்க பண்றது?"

அவர் வெளியே போய்விட்டார். கொழுந்தனாருக்கு நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.

அன்றோடு அந்தக் கேள்விகள் நின்றன. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். பேச்சே நின்றுபோனது. சொட்டு மருந்தை மட்டும் தவறாமல் விடுகிறார், எனக்குப் பின்னால் நின்று, தாடையை நிமிர்த்தி. "ஏதாச்சும் கேளுங்களேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இனி என்னத்தக் கேக்கறது?" என்று மூடியைத் திருகினார்.

போன வாரம் மகளிடம் போனில், "உங்கம்மாளுக்குக் கண்ணு போயிருச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். நேரே வந்து நின்றால் அவர் முகம் எனக்கு இன்னும் தெரியும். அவர் அப்படி வந்து நிற்பதில்லை. அடுத்த முறை பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். சரி என்றேன்.