நாடாண்ட பெண்கள் பேச்சுப் போட்டி

அறுபதுகளின் கடைசி. கிருஷ்ணகிரியில் பள்ளிகளுக்கான பேச்சுப் போட்டி. தலைப்பு ‘நாடாண்ட பெண்கள்’. பத்தாம் வகுப்பில் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று காலை பார்த்து நான் வயதுக்கு வந்து தொலைத்தேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பச்சை ஓலைக் குடிசை கட்டி உள்ளே உட்கார வைப்பார்கள். என் அக்கா அப்படி உட்கார்ந்தவள்தான். அதோடு பள்ளிக்கூடம் நின்றது, அடுத்த மாதமே கல்யாணம். எனக்கு அம்மாவின் தம்பியே மாப்பிள்ளையாகக் காத்திருந்தார். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேப்பனப்பள்ளியில் பஸ் ஏறினேன்.

குதிரையேறிப் படை நடத்திய ராணிகள் எதற்கும் அஞ்சவில்லை என்று மேடையில் முழங்கினேன். பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். முடித்ததும், கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமா அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கையில் அந்தக் கிழிந்த சேலை. ஒழிந்தேன் என்று நினைத்தேன். மாமா சிரித்துக்கொண்டே, இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா என்று கேட்டார்.

“இருந்தா உனக்குச் சொல்லாம யாருக்குடா சொல்லப்போறேன்?” என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். “என்னடி நிக்கிற? பொழுது போவுது, சாமிக்கு வெளக்கு ஏத்து.”

தீட்டோடு சாமி விளக்கைத் தொட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்று நம்பியவள் அம்மா. அந்த நாட்களில் சாமி மாடத்துப் பக்கமே போகமாட்டாள். நான் கிழித்த முதல் தீக்குச்சி அணைந்துபோனது. அவள் வந்து என் கையைப் பிடித்து ஏற்ற வைத்தாள். மாமா கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? வயதுக்கே வராத பெண்ணை எங்கள் பக்கம் இருசி என்பார்கள். இருசியைப் பெற்றவள் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை.

நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பாக இருந்த பதினொன்றாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்த மறுநாள், தெருவில் இறங்கி, “எம் பொண்ணு உக்காந்துட்டா” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.