மூன்று மாடலும் ஒரே உயரம்

தஞ்சாவூரில் பழைய கார் விற்கும் அந்த ஷெட்டில் அப்பா, அம்மா, நான், தரகர் என்று நான்கு பேர் நின்றோம். யாருக்காகக் கார் வாங்கப் போனோமோ, அந்த அக்கா மட்டும் வரவில்லை. எட்டாம் மாதம். கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

மூத்த பிள்ளையின்போது வாடகைக் கார்க்காரர் எங்கள் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். "மேட்டுல ஏத்தினா வண்டியோட அடி தட்டுங்க" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அக்கா வலியோடு மழையில் நடந்துபோய் ஏறினாள். இந்த முறை வாசலிலேயே ஏற வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் தேர்வை என்னிடம் விட்டார்கள். பத்து வருடப் பழைய, டிக்கி வைத்த சின்னக் கார். ஒரே கார், மூன்று மாடல். பேஸ் மாடலில் ஏர்பேக் இல்லை, பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். நடு மாடலில் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக். டாப் மாடலில் அதோடு அலாய் வீல், ஸ்டியரிங்கிலேயே பாட்டு பட்டன். எல்லாவற்றையும் அட்டவணை போட்டு, மூன்றிலும் ஒன்றாக இருந்த வரிகளை மட்டும் அடித்துவிட்டேன். அவற்றில் ஒப்பிட என்ன இருக்கிறது?

அட்டவணையை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிடா. நம்ம பாலத்துல ஏறுமா?"

அடித்த வரிகளைத் தேடினேன். தரையிலிருந்து உயரம்: மூன்றுக்கும் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர்.

"படிச்ச புள்ள அடிச்ச வரியத்தான் அவ கேக்குறா" என்றார் அம்மா.

தரகர் நடு மாடலை ஊருக்கே ஓட்டி வந்தார். அப்பா பின்சீட்டில் மூன்று நெல் மூட்டைகளை ஏற்றினார்.

"ஐயா, மூட்டைக்கா டெஸ்ட் டிரைவ்?"

"ஒண்ணு என் பொண்ணு, ஒண்ணு பேரன், ஒண்ணு இவ. நீங்க ஓட்டுங்க தம்பி."

"நான் அவ்வளவு கனமா?" என்றார் அம்மா.

பாலத்தின் நடு மேட்டில் காரின் வயிறு 'கிரீச்' என்றது. தரகர் முகம் சுருங்கியது. "டாப் எண்ட் ஒண்ணு இருக்குங்க, கொண்டாரட்டா?"

"மூணும் ஒரே உயரந்தாங்க" என்று நான் உண்மையைச் சொன்னேன்.

அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்த்தார். "வண்டி மூணும் ஒண்ணுன்னா, மாத்த வேண்டியது மேட்டத்தான்."

ஏர்பேக்குக்காக நடு மாடலையே எடுத்தோம். பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாலத்தின் இரண்டு பக்கமும் கிராவல் மண் கொட்டி, சரிவை நீளமாக்கினோம். டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி மண்ணை அழுத்தினோம். அப்பா மண்வெட்டியோடு நின்றார். நான் டேப் பிடித்தேன்.

அக்கா வந்த அன்று கார் பாலத்தில் ஏறி இறங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா கேட்டாள்:

"பாலம் எப்ப வரும்?"

"அது போயி ரெண்டு வீடு தாண்டியாச்சு" என்றார் அம்மா.

காருக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம், பெயர் மாற்ற நாலாயிரம், கிராவல் மூன்று நடைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. ஆக, இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.