கோடவுன் தராசில் ஏறிய ஞாயிறுகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை விரலால் தடவி, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் என்று லைனில் கிண்டல் செய்வார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அந்தச் சந்தேகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் நடந்ததே முப்பத்து மூன்றில். குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் ஒருமுறை காட்டிவிடலாம் என்று வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மாதவிலக்கு இஷ்டத்துக்கு வருகிறது, சுகர் எல்லையில் நிற்கிறது, எடை எண்பத்தொன்று. "எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றார். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்களும்தான் சார்" என்றார். அவர் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எழுபத்து மூன்று. அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் என் குழந்தை நிற்பதாகவே நினைத்துக்கொண்டேன். வயசு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தைக்கூட வீணாக்க எனக்கு மனசில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் எனக்குச் சந்தேகக் கேஸ்தான். மாமியார் கிண்டும் கேழ்வரகுக் களி உருண்டை முந்தின நாளைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பிட்டுப் பார்த்தால் நடுவில் நெய் மினுமினுத்தது. "இன்னா அத்தை இது?" என்று கேட்டால், "ஒரு சொட்டுதாம்மா. ஒட்டிப்போன வயித்துல எங்கிருந்து புள்ள நிக்கும்?" என்பார். வீட்டுக்காரர் விடிகாலையில் பாலாற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனார். திரும்பி வந்ததும் சட்டையை முகர்ந்து பார்ப்பேன், டீக்கடை வடை வாசனை வருகிறதா என்று. வியர்வை வாசனைதான் வந்தது. அதையும் நான் நம்பவில்லை.

எடை பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. "வாங்குறது இன்னாத்துக்கு? நம்ம கோடவுன்ல இருக்கிற தராசு மாதிரி எங்கேயும் கிடையாது" என்றார் அவர். வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கோடவுனில் எடை போடுவதுதான் அவர் வேலை. லாரியில் வந்து இறங்கும் உப்புத் தோலைத் தராசில் போட்டு, ஒட்டி வந்த உப்பு, ஈரம், சேறு எல்லாவற்றுக்கும் ஒரு கழிவு போட்டுத்தான் எடையைச் சொல்வார். விற்க வந்தவர் முறைப்பார். அது அங்கே தினமும் நடப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் போவோம். உப்பும் தோலும் கலந்த அந்த நாற்றம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிவதே இல்லை. தராசின் எண் தெரியும் பெட்டி அவருடைய மேஜையைப் பார்த்து இருக்கும். மேலே ஏறி நிற்கிறவருக்கு அதன் முதுகுதான் தெரியும். முதலில் அவர் ஏறுவார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன். பிறகு நான் ஏறுவேன், அவர் சொல்வார்.

முதல் ஞாயிறு, "எழுபத்தெட்டு!" என்றார். ஒரே வாரத்தில் மூன்று கிலோ! ஐயோ, அந்த உப்புத் தரையில் நான் குதித்த குதி! அப்புறம் மெதுவாகத்தான் இறங்கியது. ராத்திரிச் சோற்றை விட்டேன். கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தேன். ஒருநாள் தலை சுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நாலு மாதத்தில், "எழுபத்து மூணு, முடிஞ்சது!" என்றார்.

ஆனால் ஜாக்கெட்டின் மூன்றாவது கொக்கி அதே பழைய ஓட்டையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. விரல் அங்கே போகும்போதெல்லாம் மனசு உறுத்தியது. குழந்தை ஆசையில் அந்த உறுத்தலை நானே அமுக்கிக்கொண்டேன்.

வேலூர் கிளினிக்கில் எடை மெஷினில் ஏறினேன். நர்ஸ் எழுபத்தாறு என்றாள்.

"உங்க மெஷின் கோளாறு" என்றேன். அவள் தானே ஏறிக் காட்டினாள். நான் விடவில்லை. "இவரை ஏத்துங்க" என்றேன். ஏறினார். முந்தின ஞாயிறு கோடவுனில் நான் படித்த அதே எண் வந்தது. அப்படியென்றால் இந்த மெஷினும் சரி, அந்தத் தராசும் சரி. மீதி இருந்தது அதைப் படித்துச் சொன்ன வாய் ஒன்றுதான். திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். சுகர் இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். "மீதி மூணு கிலோவையும் குறைச்சுட்டு வாங்க, அவசரப்படாதீங்க."

வெளியே வண்டி பக்கத்தில் வந்ததும் வெடித்தேன். "நான் இன்னா உங்களுக்கு உப்புத் தோலா?"

"பழக்கதோஷம்மா. புடவை, செருப்பு, வளையல்னு வாய் தானா மூணு கழிச்சுடுச்சு. சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவர் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். "நீ குதிச்ச. கல்யாணமாகி நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. திருப்பிச் சேக்க மனசு வரல. அந்த மூணையும் நீயே ஒருநாள் குறைச்சிடுவன்னு நெனச்சேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலு மாதம் பொய்யைத் தின்று வயிறு நிறைந்திருக்கிறேன். உண்மை தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முட்டி மோதியிருப்பேனே? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாமியார் பயந்துபோய் களியில் நெய் வைப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு கோடவுனுக்கு வந்தார். தராசுப் பெட்டியைக் கழற்றி, ஏறி நிற்கிறவர் பக்கம் திருப்பி மாட்டினார். "இனிமே நீயே பாரு" என்றார். திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன் பழையபடி மாட்டிவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் செய்தார். எண்கள் ஆமையாக நகர்ந்தன. ஆனால் அவை என்னுடைய எண்கள். மூன்று மாதம் கழித்து எழுபத்து மூன்று வந்தது. இந்தத் தடவை கொக்கியும் அடுத்த ஓட்டைக்குப் போனது.

அதற்கப்புறமும் ஏழு மாதம் ஆனது. குச்சியில் இரண்டு கோடு வந்தபோது நம்பாமல் இன்னொரு குச்சி வாங்கினேன்.

ஐந்தாம் மாதம் அதே கிளினிக்கில் அதே நர்ஸ். "எழுபத்தெட்டு. செருப்போட ஏறிட்டீங்க, அரைக் கிலோ கழிச்சு எழுதிக்கறேன்" என்றாள்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "கழிக்காதீங்க சிஸ்டர்." அவரே கீழே உட்கார்ந்து என் செருப்பின் வாரைக் கழற்றினார். "வெறுங்கால்ல மறுபடி ஏறட்டும். இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க."

மறுபடி ஏறினேன். வயிறு மறைத்தது. எட்டிக் குனிந்து, நானே படித்தேன்.