ஆர்வில் மாமா அடைத்த தோட்டாக்கள்

அயோவாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்வில் மாமா, துப்பாக்கிக் கிளப் அணியில் சேர ஆசைப்பட்டு வீட்டிலேயே தோட்டா அடைக்கத் தொடங்கினார். வேதியியல் பட்டதாரியான நான் வெடிமருந்தை மும்முறை நிறுத்துக் கொடுத்தேன். தோட்டாக்களின் வாய் குழிந்திருந்தது. புதுக் கை என்று விட்டுவிட்டோம்.

அணித் தேர்வன்று, இலக்காக மெஷின் வீசிய களிமண் தட்டுகளை மாமா சுட்டார்.

"தோள்ல உதையே இல்லடா! நம்ம கைவேலை!"

தட்டு ஒன்றும் உடையவில்லை. மிஞ்சிய தோட்டாவை அறுத்துப் பார்த்தேன். மருந்துக்கு மேல் நிரப்ப வேண்டிய ஈயக்குண்டுகளே இல்லை. குண்டுகள் வாங்கி வைத்த புட்டியை இருவருமே திறக்கவில்லை. நான் படித்து என்ன கிழித்தேன்?

மாமா கிளப் தலைவி வெர்னாவிடம் ஓடினார். "அக்கா, குண்டே இல்ல. அப்ப நான் எதையும் தவறவிடலையே?"

"குண்டில்லாத ஆளுக்கும் வேலை இருக்கு தம்பி. தட்டு வீசுற மெஷினப் பாத்துக்க."

அணியில் இடம் கிடைத்ததாக மாமா ஊரெல்லாம் சொல்கிறார்.