அருங்காட்சியகத்துக்கு ஒடுக்கெடுத்தவர்

தட்டி முடித்த இடத்தை டிங்கர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் வந்து நின்ற மேனேஜர் கத்தினார்.

"யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"ஒடுக்கு எடுத்தேன் சார். நீங்கதானே கூப்பிட்டீங்க."

"லாரி இடிச்சது அதோ, அந்தப் பக்கம். இது டிசைன்யா."

பழைய சினிமா போஸ்டர், ரேடியோ, இசைத்தட்டு, படக்கதைப் புத்தகம் எல்லாம் வைத்திருக்கும் அருங்காட்சியகம் அது. வெளிச்சுவர் முழுக்கத் தகடு. மிட்டாயைத் தின்றுவிட்டுக் கசக்கி எறிந்த வெள்ளித்தாள் மாதிரி இருக்கும். நேரான இடம் மருந்துக்குக்கூடக் கிடையாது.

டிங்கரைச் சொல்லியும் குற்றமில்லை. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தியே காலம் தள்ளியவர். கல்யாணத்தன்று பெண்ணைப் பார்க்காமல் மாமனாரின் கார்க் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிறந்த சேதியை நர்ஸ் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு வந்துதான் சொன்னாள். ஒடுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

"நாளைக்கு இந்தக் கட்டடத்தை வரைஞ்ச பெரியவர் வர்றார். பழையபடி இல்லேன்னா உன் பட்டறையைப் பூட்ட வெச்சிடுவேன்."

லாரி போட்ட ஒடுக்கை டிங்கர் மளமளவென்று எடுத்தார். பிறகு தான் நிமிர்த்திய இடத்துக்கு எதிரே சுத்தியலோடு நின்றார். ஓங்கினார். கை பாதியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினார். அடி பூப்போல விழுந்தது. ஒரு தகரத்தையும் அவர் கெடுத்துப் பழகியதில்லை.

மனைவிக்கு போன் போட்டார். "வேனை எடுத்துட்டு வா."

"நான் தொடவே கூடாதுன்னீங்களே?"

"இப்ப தொடலாம்."

வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "எங்க இடிக்கணும்?" என்றாள்.

"இங்கதான். மெதுவா."

"மெதுவா இடிக்கத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் இத்தனை வருஷமா பேச்சு வாங்குறேன்?"

ரிவர்ஸில் வந்தாள். சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்திருக்க வேண்டும். மேனேஜர் பழைய போட்டோவைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கமா, அம்மா."

மறுபடி இடித்தாள். டிங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். சுவரைச் சுற்றி நடந்தார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். மேனேஜர் பட்டறைக்கு போன் செய்து, பெரியவர் கண்டுபிடிக்கவில்லை என்றார். டிங்கர் வேனின் பின்கதவைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் முன்பக்கம் நசுங்கிய டாக்சி ஒன்று வந்தது.